முறியாத ஊசி

பாலகுரு பொய் சொல்லத் தெரியாதவர் என்று அந்தக் குவாரி கேம்ப் முழுக்கப் பெயர். அந்தப் பெயரை எடுக்க அவர் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. லேத் பட்டறையில் பொய்க்கு இடமே கிடையாது. ஷாஃப்ட் பேரிங்குக்குள் போகும், இல்லாவிட்டால் போகாது. திண்டுக்கல்லில் பிறந்து, கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் பதினாறு வருஷம் டை வேலை பார்த்து, ராசல் கைமா மலைப்பக்கத்துக் கல் கிரஷருக்கு டர்னராக வந்து ஏழு வருஷம் ஆன மனிதர். அவர் முடியும் என்றால் முடியும், முடியாது என்றால் முடியாது. குவாரி முதலாளி அர்பாப் ஹுமைத்கூட அப்படித்தான் நம்பியிருந்தார். அதனால்தான் 2007 பிப்ரவரியில் பாலகுரு சொன்ன ஒரே ஒரு பொய் அவ்வளவு சுலபமாக விலைபோனது.

அர்பாபுக்குத் துப்பாக்கி சுடுவதில் பைத்தியம். வேட்டைக்காரர் இல்லை, ஒரு முயலைக்கூடக் கொன்றதில்லை. தாளில் வட்டம் போட்டு, அந்த வட்டத்தின் நடுவில் ஐந்து ஓட்டையும் ஒரே ஓட்டையாக விழவேண்டும் என்று தவம் கிடக்கிற ஜாதி. லைசென்ஸ் வாங்கிய சின்னத் துவாரத் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். கடைத் தோட்டா எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. வெளிநாட்டுச் சிநேகிதர் ஒருவர் அவருக்கு ஒரு கைப்பிரஸ்ஸும் ஒரு புத்தகமும் அனுப்பிவைத்தார். வந்தது வினை.

சுட்டுத் தீர்ந்த குட்டித் தோட்டாக்களின் பித்தளை ஓடுகளை அர்பாப் ஒரு டின் நிறையச் சேர்த்திருந்தார். அந்த ஓட்டுக்குள் ஈயத்தை வைத்து, டைக்குள் போட்டு அழுத்தினால் புதுக் குண்டு. பழைய ஓடு புதுக் குண்டுக்குச் சட்டையாகிவிடும். பாலகுருவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. அம்மாவின் கிழிந்த சேலை தலையணை உறையாவதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். குண்டு செய்ய அனுமதி வேண்டுமா என்று அர்பாபும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

மிச்சம் இருந்தது மூக்கு. குண்டின் முன்பக்கம் எந்த வடிவத்தில் இருக்கவேண்டும் என்று முடிவு செய்தால்தான் டை வெட்டமுடியும். புத்தகத்தின் ஒரு பக்கத்தில் எட்டு மூக்குகள் வரிசையாக நின்றன, மொட்டையில் தொடங்கி ஊசியில் முடிந்தன. பாலகுரு மூன்றைத் தேர்ந்தெடுத்து, பித்தளைக் கம்பியில் அளவாகக் கடைந்து, எண்ணெய் துடைத்து அர்பாபின் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று மொட்டை, ஒன்று நடுத்தரம், ஒன்று கூர். எந்தக் கடைக்காரனும் நகையை இவ்வளவு பதமாக எடுத்து வைத்திருக்கமாட்டான்.

அர்பாப் கூரானதைத்தான் எடுத்தார். யாராக இருந்தாலும் அதைத்தான் எடுப்பார்கள், அவ்வளவு அழகாக இருந்தது. மொட்டை மூக்கு காற்றில் முட்டி வேகம் இழக்கும், நூறு மீட்டருக்குள்தான் அதற்கு மரியாதை. கூர் மூக்கு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், முந்நூறு நானூறு மீட்டரிலும் தடம் மாறாது. இதெல்லாம் அர்பாபே புத்தகத்தில் படித்ததைத் தன் ஹிந்தியில் சொன்னது. இதுவரைக்கும் கல் எடுத்து முடித்த பழைய குழிக்குள் நின்று நூறு மீட்டரில்தான் சுட்டுக்கொண்டிருந்தார். இந்த மூக்கு கிடைத்தால் வாதி என்கிற வறண்ட ஆற்றின் அந்தக் கரையில் படுத்துக்கொண்டு இந்தக் கரையில் சுடலாம் என்றார். சொல்லிவிட்டு, பட்டறை ஜன்னல் வழியாக மலைத்தோளில் நீட்டிக்கொண்டிருந்த சிவப்புப் பாறையைக் காட்டினார். அதில்தான் தாளை ஒட்டப்போகிறாராம்.

பாலகுருவின் கண் அர்பாபின் விரலோடு பாறைவரைக்கும் போனது, பாறையைத் தாண்டியும் போனது. பாறைக்கு மேலே, கொஞ்சம் பின்னால், டவர் மேடு.

அங்கே டவர் எதுவும் கிடையாது. மலைகளுக்கு நடுவில் பள்ளத்தில் கிடந்த அந்தக் கேம்பில் மொபைலில் ஒரு கோடு சிக்னல்கூட வராது. அந்த மேட்டில் ஏறினால் மட்டும் மூன்று கோடு வரும். அதனால் கேம்ப்காரர்கள் வைத்த பெயர் டவர் மேடு. வெள்ளிக்கிழமை கிரஷர் நின்றிருக்கும், போன் ரேட்டும் குறைவு. காலை எட்டு மணிக்கெல்லாம் முப்பது பேர் அங்கே இருப்பார்கள். ஆளுக்கு ஒரு கல். தன் கல்லில் இன்னொருவன் உட்கார்ந்தால் சண்டை வரும். ஒருவன் கிரஷர் பக்கத்தில் நின்று பேசுவது போல் பெண்டாட்டியிடம் கத்துவான், பக்கத்துக் கல்லில் இன்னொருவன் சத்தமில்லாமல் அழுவான். ஒருவர் பேச்சை ஒருவர் கேட்பதில்லை என்பது அங்கே எழுதாத சட்டம்.

எழுதிய சட்டம் வேறு. மேடு வெடி வைக்கிற எல்லைக்குள் இருந்தது, ஏறினால் எக்ஸிட் அடித்து ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று போர்டே மாட்டியிருந்தார்கள். கேம்ப் பாஸ் சேதுமாதவன் மாதம் ஒருமுறையாவது தடியோடு வருவார், ஆனால் விஷயத்தை அர்பாப்வரைக்கும் கொண்டுபோகமாட்டார். தூரத்தில் அவர் தலை தெரிந்ததும் யாராவது குரல் கொடுப்பார்கள், எல்லோரும் எழுந்து மேட்டின் உச்சி தாண்டி அந்தப் பக்கம் ஓடி ஒளிந்துகொள்வார்கள். ஓடினால் ஆள் அடையாளம் தெரியாது. அப்படியே பழகியிருந்தது.

அர்பாபிடம் இதைச் சொல்லியிருக்கலாம். அங்கே ஆள் இருக்கும் அர்பாப், அந்தப் பக்கம் சுடவேண்டாம் என்று ஒரு வரி. சொல்ல வாயெடுத்தவர், ஏணி ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். இரண்டு வருஷம் முன்னால் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறினாலும் சிக்னல் கிடைத்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு நல்லவன், ஏணி ஆடுகிறது, ஆள் விழுந்துவிடுவார்கள், சரிபண்ணிக் கொடுங்கள் என்று ஆபீஸில் போய்ச் சொன்னான். மறுநாள் ஏணியை அறுத்து எடுத்துப்போய்விட்டார்கள். மேலே போகிற எந்தச் செய்தியும் கீழே வரும்போது பூட்டாகத்தான் வரும் என்று அன்றிலிருந்து பாலகுருவுக்கு முடிவாகிவிட்டது. மேட்டைச் சொன்னால் மேடு போய்விடும். வெள்ளிக்கிழமை போய்விடும். முப்பது பேரின் வயிற்றெரிச்சலை யார் சுமப்பது?

அதனால் தொழிலைக் கொண்டு மறைத்தார்.

டைக்குள் அழுத்திய குண்டு இறுகிக்கொள்ளும். அதன் மூக்கு நுனியில் ஒரு சின்ன ஊசியால் தட்டித்தான் வெளியே தள்ளவேண்டும். மூக்கு எவ்வளவு கூரோ, ஊசி அவ்வளவு மெல்லிசாக இருக்கவேண்டும். இது உண்மை. பாலகுரு இந்த உண்மையை எடுத்துக்கொண்டு, கூடவே இரண்டு வார்த்தை சேர்த்தார்: இவ்வளவு மெல்லிசு ஊசி நாலு குண்டுக்குமேல் தாங்காது அர்பாப், முறிந்துவிடும், முறிந்த ஊசி டைக்குள் மாட்டினால் டையும் போச்சு. நல்ல ஸ்பிரிங் ஸ்டீல் கம்பியைப் பதமாகச் சூடு காட்டி எடுத்தால் ஊசி முறியாது என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கம்பி அவர் டிராயரிலேயே ஒரு முழம் இருந்தது.

அர்பாப் பெருமூச்சு விட்டார். "நீ முடியாதுன்னா முடியாதுதான், உஸ்தாத்," என்று அவர் தோளைத் தட்டினார். மொட்டை மூக்கே முடிவானது. ஆனால் கூர் மூக்கு மாதிரியை அவர் திருப்பித் தரவில்லை, ஜெபமாலையோடு கந்தூரா அங்கியின் பையில் போட்டுக்கொண்டு போனார். பாலகுரு அதைப் பார்க்கத்தான் செய்தார். பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டார்.

சொல்லப்போனால் அன்றைக்கு அவருக்குத் தன்மீதே ஒரு பெருமை. மொட்டை மூக்கு இருக்கும்வரை அர்பாப் குழியைவிட்டு வெளியே வரமாட்டார். முப்பது பேரைக் காப்பாற்றியாகிவிட்டது, முப்பது பேருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியவேண்டிய அவசியமும் இல்லை என்று நினைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு, சோறு பரிமாறப்போவது இன்னொருவன் என்பது மறந்துவிடும்.

பட்டறையில் இன்னொரு டர்னர் இருந்தான். பெயர் துஷாந்தன், யாழ்ப்பாணத்துக்காரன், இருபத்தேழு வயது. பாலகுருவுக்கும் அவனுக்கும் ஒரே கிரேடு, அடுத்தடுத்த லேத், ஒரே ரூம். கெட்டிக்காரன், கொஞ்சம் வீம்புக்காரனும்கூட. பாலகுரு ஒரு வேலைக்கு நாலு மணி நேரம் என்றால் அவன் மூன்றரை மணியில் முடித்துவிட்டு, விசில் அடித்தபடி கையைத் துடைப்பான். கல்யாணமாகி ஒன்பதாவது மாதத்தில் இங்கே வந்தவன். மனைவி பிரஷாந்தி வவுனியாவில் இருந்தாள். அவன் வந்தபிறகு பிறந்த மகளுக்கு இப்போது ஒன்பது மாதம், போட்டோவில் பார்த்ததோடு சரி. ஏப்ரலில் லீவு. அவன் பெட்டியில் ஒரு மஞ்சள் சட்டையும் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசும் இருந்தன. சட்டை பிள்ளைக்குச் சின்னதாகிவிடுமோ என்று வாரத்துக்கு ஒருமுறை எடுத்து அளந்து பார்ப்பான், எதை வைத்து அளந்தானோ தெரியாது.

மார்ச் நடுவில் கன்வேயர் மோட்டார் எரிந்துபோய், அதை ரீவைண்டிங் கொடுக்க பாலகுரு இரண்டு நாள் ஷார்ஜாவில் தங்கவேண்டி வந்தது. வியாழன் சாயங்காலம் திரும்பிவந்தபோது துஷாந்தன் முகத்தில் ஒரு சிரிப்பு. என்னப்பா என்று கேட்டதற்கு, நாளைக்குச் சொல்கிறேன் என்றுவிட்டான். லீவு நெருங்குகிற சந்தோஷம் என்று பாலகுரு நினைத்துக்கொண்டார். அலுப்பு வேறு. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் பாத்ரூம் வாசலில் உட்கார்ந்து துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். அர்பாப் சுடத் தொடங்கிய சத்தம் கேட்டது. அது ஒன்றும் புதிதல்ல, வெள்ளிக்கிழமையென்றால் அவர் வருவார். கிணற்றுக்குள் தேங்காய் விழுகிற மாதிரி குழிக்குள்ளிருந்து மந்தமாக ஒரு சத்தம் வரும். இது அப்படி இல்லை. காய்ந்த சுள்ளியை முறித்த மாதிரி, வெட்டவெளியில் பளிச்சென்று கேட்டது, வாதியின் அந்தப் பக்கத்திலிருந்து.

பாலகுருவின் கையிலிருந்த சட்டை வழுக்கி விழுந்தது. துஷாந்தனின் சிரிப்புக்கு அர்த்தம் அந்த நிமிஷத்தில் விளங்கியது.

அர்பாப் இருந்த கரைக்குப் போக இருபது நிமிஷம் ஆகும், மேட்டுக்குப் பத்து நிமிஷம். மேட்டைப் பார்த்து ஓடினார். செருப்பு ஒன்று வழியிலேயே போய்விட்டது. ஐம்பது வயதை நெருங்குகிற உடம்பு பாதி ஏற்றத்திலேயே நின்றுவிடப் பார்த்தது. மேலே எல்லோரும் வழக்கம்போல அவரவர் கல்லில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். துஷாந்தன் தன் கல்லுக்குக் கீழே, பாறை மறைவில், சப்பணமிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்படியே உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அந்தப் பாறை ஆள் உயரம் இருக்கும், வாதியின் அந்தக் கரையிலிருந்து பார்த்தால் மேட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் தெரியமாட்டார்கள்.

பாலகுரு மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "எறங்குங்க! எல்லாம் எறங்குங்க!"

அந்த மேட்டில் ஒரு மனிதன் கத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், சேதுமாதவன் வருகிறார். முப்பது பேரும் எழுந்தார்கள். பழக்கப்படி உச்சியைப் பார்த்து ஓடினார்கள். துஷாந்தனும் போனைக் காதிலிருந்து எடுக்காமலே எழுந்து நின்றான். வாதிக்கு அப்பால் இன்னொரு சுள்ளி முறிந்தது.

அவன் விழவில்லை. முள் குத்தியவன்போல் இடது கையின் மேற்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தான். சட்டை சிவந்தது. பிறகு மெதுவாக உட்கார்ந்தான். போன் கல்லில் விழுந்து, அதிலிருந்து ஒரு பெண்குரல் ஹலோ ஹலோ என்றுகொண்டே இருந்தது.

ஆட்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்த அர்பாப், தன் லேண்ட் குரூசரிலேயே அவனை ஏற்றிக்கொண்டு போனார். பாலகுரு பின்சீட்டில் கூடவே உட்கார்ந்திருந்தார். துவாலையால் துஷாந்தனின் கையை அழுத்திப் பிடித்திருந்தார். அவனோ வெளுத்த முகத்தோடு என்னத்தையோ சொல்ல வாயைத் திறந்துகொண்டே இருந்தான். காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"ஊசி முறியேல்லை, அண்ணை," என்றான். "நாப்பத்திரண்டு குண்டு அடிச்சுப் பாத்தனான். ஒருக்காக்கூட வளையேல்லை. அதைத்தான் இவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தனான்."

பாலகுரு துவாலையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

நடந்தது இதுதான். புதன்கிழமை அர்பாப் பட்டறைப் பக்கம் வந்திருக்கிறார். பையிலிருந்து கூர் மூக்கை எடுத்து ஆசையாகப் பார்த்துக்கொண்டே, உஸ்தாத் முடியாது என்றுவிட்டார் என்று துஷாந்தனிடம் சொல்லியிருக்கிறார். வீம்புக்காரனுக்கு அது போதாதா? பாலகுருவின் டிராயரைத் திறந்திருக்கிறான், ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி இருந்திருக்கிறது. இரண்டு நாளில் டையும் ஊசியும் தயார். அர்பாப் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். வெள்ளிக்கிழமை எந்தக் கரையில் படுத்துச் சுடப்போகிறார் என்று அவன் கேட்கவில்லை. அவனுக்கு ஏன் அது தோன்றப்போகிறது? அதை யோசித்து வைத்திருந்த ஒரே ஆள் ஷார்ஜாவில் மோட்டார் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். குண்டு சதையை மட்டும் துளைத்து மறுபக்கம் போயிருந்தது. போலீஸ் வந்தது. அர்பாப் பழியை யார்மீதும் போடவில்லை. சுட்டது நான், குண்டு செய்யச் சொன்னது நான், இந்த இரண்டு பேருக்கும் இதில் சம்பந்தமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். துப்பாக்கியையும் பிரஸ்ஸையும் எடுத்துப்போனார்கள். எல்லாம் முடிந்த பிறகு வராந்தாவில் பாலகுருவின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, அங்கே ஆட்கள் எப்போதிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டார். ஏழு வருஷமாக, என்றார் பாலகுரு. உனக்குத் தெரியுமா? தெரியும் அர்பாப்.

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று அவர் ஹிந்தியில் கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேற மலைக்குப் போயிருப்பேனே. இங்க மலைக்கா பஞ்சம்?"

பாலகுருவுக்குத் தலை நிமிரவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அடுத்த வாரமே அர்பாப் சேதுமாதவனைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை மேட்டுக்குப் போகிறவர்களை யாரும் தடுக்கக்கூடாது என்றார். போர்டைக் கழற்றினார்கள். ஏற்றத்தில் படிபோல நாலு கல் எடுத்துப்போட்டதும் சேதுமாதவன்தான். ஒரு வார்த்தைக்குக் கிடைத்திருக்கக்கூடிய மேடு, ஒருவன் கையைத் துளைத்துவிட்டுக் கிடைத்தது. கேம்பில் எல்லோரும் அர்பாபை வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்து ஒவ்வொன்றும் பாலகுருவுக்குச் சுருக்கென்று தைத்தது.

அர்பாப் இன்னொன்றும் செய்தார். துஷாந்தனுக்கு உடனே லீவு, இரண்டு மாதம் முழுச் சம்பளம், போக வர டிக்கெட். டிக்கெட்டை அவரே ரூமுக்குக் கொண்டுவந்து தலையணைமேல் வைத்துவிட்டுப் போனார். துஷாந்தன் மறுநாள் அதை ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஏப்ரல் லீவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தான். கேம்ப் முழுக்க, குண்டு கையில் பட்டதா மூளையில் பட்டதா என்று கேலி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள், இவனோ வாய்வரை வந்ததைத் துப்புகிறானே என்றார் மெஸ் சமையல்காரர் சதக்கத்துல்லா. அவன் மஞ்சள் சட்டையை அளந்து பார்ப்பதையும் நிறுத்திவிட்டான்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை பாலகுரு மேட்டுக்குப் போனார். துஷாந்தன் தன் கல்லில், கையைத் துணியில் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தான். போன் மடியில் சும்மா கிடந்தது. பாலகுரு பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, டிக்கெட்டை ஏன் வேண்டாம் என்றாய் என்று நேராகவே கேட்டார்.

அவன் சட்டைக் கையை மேலே சுருட்டி, கட்டை விலக்கிக் காட்டினான். உள்பக்கம் சின்னதாக ஒரு வட்டம், வெளிப்பக்கம் கொஞ்சம் பெரிதாக இன்னொரு வட்டம். இரண்டும் ஆறிக்கொண்டு வந்தன. அளவு வைத்துக் கடைந்த மாதிரி இருந்தன.

"கொழும்பிலை இறங்கி வவுனியா போய்ச் சேருறதுக்குள்ளை எத்தினை இடத்திலை ஆமிக்காரர் மறிப்பாங்கள் தெரியுமே, அண்ணை? சேட்டைக் கழட்டச் சொல்லுவாங்கள். முதுகு, நெஞ்சு, கை எல்லாம் பாப்பாங்கள். வெடி பட்ட தழும்பு இருந்தா இயக்கத்து ஆள்தான் எண்டு முடிவு. பிறகு விசாரிக்கிறதுமில்லை, விடுறதுமில்லை." அவன் கட்டைத் திரும்ப இழுத்து மூடினான். "என்ரை உடம்பிலை ஒரு கீறலும் இருக்கேல்லை. அந்த ஒண்டை வைச்சுத்தான் இந்த இருவத்தேழு வருசமும் தப்பி வந்தனான்."

அர்பாப் கடிதம் கொடுப்பார், போலீஸ் ரிப்போர்ட்டும் இருக்கிறது என்று பாலகுரு சொல்லிப்பார்த்தார். அரபியில் எழுதின கடிதத்தை அவங்கள் வாசித்து முடிக்கும்வரைக்கும் நான் எங்கே இருப்பேன் என்று நினைக்கிறீர்கள் என்று அவன் திருப்பிக் கேட்டான். டாக்டரிடமும் கேட்டுப் பார்த்தானாம், இந்த வட்டத்தைக் கிழித்து மெஷின் வெட்டு மாதிரி ஆக்கித் தையல் போட முடியாதா என்று. டாக்டர் பகிடி என்று நினைத்துச் சிரித்தாராம்.

பாலகுருவுக்கு அந்த வட்டம் கண்ணைவிட்டுப் போகவில்லை. மொட்டை மூக்காக இருந்தால் சதையைக் கண்டபடி கிழித்திருக்கும். அந்தத் தழும்பைக் காட்டி லேத்தில் மாட்டியது என்று யாரிடமும் சொல்லலாம், யாரும் நம்புவார்கள். இது கூர் மூக்கின் வேலை, சுத்தமான வேலை. எங்கே காட்டினாலும் தன் பெயரைத் தானே சொல்லும். அந்த மூக்கின் முதல் மாதிரியைப் பித்தளையில் கடைந்து, எண்ணெய் துடைத்து, நகைபோல எடுத்து வைத்தது அவர்தான். இனியும் விழுங்கமுடியாது என்று தோன்றிவிட்டது.

"தம்பி," என்றார். "அந்த ஊசி முறியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். அர்பாப் இந்தப் பக்கம் சுடக்கூடாதுன்னுதான் பொய் சொன்னேன். மேட்டைப் பத்திச் சொன்னா மேட்டை மூடிருவாங்கன்னு பயந்தேன்."

துஷாந்தன் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தார், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார்.

"அர்பாபுக்குச் சொல்லப் பயம், சரி," என்றான். "எனக்கு ஏன் சொல்லேல்லை? பக்கத்து லேத்திலைதானே நிண்டனான். சொல்லியிருந்தா அந்த ஊசியைச் செய்திருக்கமாட்டன், அண்ணை."

பாலகுருவின் கண்கள் கலங்கின, அதைத் துடைக்கவும் வெட்கமாக இருந்தது. சுற்றிலும் மற்றவர்கள் அவரவர் கல்லில் அவரவர் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மடியிலிருந்த போன் அடித்து நின்றது. பிரஷாந்தியின் மிஸ்டு கால். துஷாந்தன் திருப்பிக் கூப்பிட்டான். பிள்ளை தவழ்கிறதா, பல் வந்துவிட்டதா என்றெல்லாம் கேட்டான், சிரித்துக்கூடப் பேசினான். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, லீவு சரிவரவில்லை என்றான். பட்டறையில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், அவர்தான் விடுகிறார் இல்லை என்றான். அந்தப் பக்கம் அவள் ஏதோ கேட்டாள். பொறு, அவரும் இங்கேதான் இருக்கிறார், நீயே கேள் என்று சொல்லிவிட்டுப் போனைக் கையால் பொத்திக்கொண்டான்.

"நான் சொன்னா அவள் கண்டுபிடிச்சிடுவாள், வெடி பட்டது இன்னும் அவளுக்குத் தெரியாது, அண்டைக்குப் போன் கைதவறி விழுந்ததெண்டு சொல்லிப்போட்டன்," என்றான் மெல்ல. "பொய் சொல்ல உங்களுக்குக் கைவரும்தானே, அண்ணை. எனக்காண்டி இன்னும் ஒண்டு சொல்லுங்கோ."

போன் பாலகுருவின் கைக்கு வந்தது. எதிர்ப்பக்கம் குழந்தை எதையோ தட்டுகிற சத்தமும் அதன் மழலையும் கேட்டன. அவள் முதலில் மரியாதையாகச் சுகம் விசாரித்தாள். ஆனியில் பிள்ளைக்கு ஒரு வயது முடிகிறது என்றாள்.

"பத்து நாளைக்கெண்டாலும் விடமாட்டியளோ, அண்ணை? பிள்ளை இன்னும் அவரின்ரை முகம் பாக்கேல்லை."

"வேலை ரொம்ப இருக்கும்மா," என்றார் பாலகுரு. "இந்த வருஷம் அனுப்ப முடியாது."

அவள் வாதாடவில்லை. "உங்களுக்கும் பிள்ளையள் இருக்குதுகள்தானே," என்று மட்டும் சொன்னாள், சொல்லும்போதே குரல் உடைந்தது. பிறகு லைன் போய்விட்டது.

பாலகுரு போனைத் திருப்பிக் கொடுத்தார். துஷாந்தன் அதை வாங்கிச் சாரத்தில் துடைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"அழுதவளோ?" என்று கேட்டான்.

"இல்ல தம்பி," என்றார் பாலகுரு. "அழல."